ஜேர்மனியில் அம்மாவுக்குப் பராமரிப்புக் காப்புறுதிப் பணம்: விண்ணப்பிப்பது எப்படி, புள்ளிகள் எங்கே தவறுகின்றன

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அம்மாவுக்கு 73 வயது. டோர்ட்முண்டில் உங்களோடு இருக்கிறார். கடந்த ஆண்டு பக்கவாதம் வந்து வலது கை வலுவிழந்துவிட்டது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார். மறதியும் தொடங்கிவிட்டது. நீங்கள் வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டு அவரைப் பார்க்கிறீர்கள். பராமரிப்புக் காப்புறுதியில் அவரை எங்கே சேர்ப்பது, எவ்வளவு கிடைக்கும், தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஏன் குறைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. அம்மா ஏற்கெனவே அதில் இருக்கிறார். ஜேர்மனியில் 1995 முதல் இந்தக் காப்புறுதி கட்டாயம். அரச நோய்க் காப்புறுதி எந்தக் கிராங்கன்காசெயில், அதாவது நோய்க் காப்புறுதி நிறுவனத்தில், இருக்கிறதோ, அதற்குள்ளேயே ஃப்ளேகெகாசெ (இனிச் சுருக்கமாகக் காசெ) என்ற பராமரிப்புப் பிரிவும் இருக்கிறது. ஏஓகே, பார்மர், டேகா எதுவானாலும் இப்படித்தான். அம்மாவின் விதவை ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் இதற்கும் பணம் கழிக்கப்படுகிறது. 2025 முதல் வீதம் வருமானத்தில் நூற்றுக்கு 3.6. வேலை செய்பவருக்குப் பாதியை முதலாளி கட்டுவார், ஓய்வூதியக்காரர் முழுவதையும் தானே கட்டுகிறார். ஆகவே நீங்கள் கேட்கப்போவது சலுகையோ தர்மமோ அல்ல. கட்டிய காப்புறுதியின் பயனைத்தான் கேட்கிறீர்கள். எங்கள் மூத்தவர்கள் பலர் இதைச் சமூக உதவிப் பணம் என்று நினைத்து, "அது எங்களுக்கு வேண்டாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். அம்மாவும் அப்படிச் சொன்னால் ஓய்வூதியச் சீட்டை எடுத்து அந்தக் கழிவைக் காட்டுங்கள்.

தடையாக வரக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பத்துக்கு முந்திய பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்புறுதியில் இருந்திருக்க வேண்டும். கணவரின் காப்புறுதியில் குடும்ப உறுப்பினராக இருந்த காலமும் இதில் சேரும். உங்கள் அம்மாவைப்போல் நெடுங்காலம் இங்கே வாழ்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. அண்மையில் ஊரிலிருந்து கூப்பிடப்பட்ட பெற்றோருக்கு இது பெரிய சுவர். பெற்றோரைப் பிள்ளையின் குடும்பக் காப்புறுதிக்குள் சேர்க்கவும் முடியாது. அப்படியானவர்கள் இரண்டு ஆண்டுகள் நிறைந்த பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம், முதல் மறுப்பு நிரந்தரமானதல்ல.

விண்ணப்பத்தைத் தொடங்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். "பராமரிப்புப் பயன்களுக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று சொன்ன நாளே விண்ணப்ப நாள். படிவம் பிறகு தபாலில் வரும். ஆனால் தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அதனால் அதே நாளில் இரண்டு வரி மின்னஞ்சலோ தொலைநகலோ அனுப்பிவிடுங்கள். அம்மாவின் பெயர், பிறந்த திகதி, காப்புறுதி இலக்கம், கேட்பது இன்னது என்ற ஒரு வசனம், அவ்வளவுதான். நாள் ஏன் முக்கியம் என்றால், பராமரிப்புத் தேவை முன்னைய மாதங்களிலேயே தொடங்கியிருந்தால் விண்ணப்பித்த மாதத்தின் முதலாம் திகதியிலிருந்து பணம் கணக்கிடப்படும். 30ஆம் திகதி அனுப்பினாலும் அந்த மாதம் முழுவதும் உங்களுடையது. அடுத்த மாதம் 1ஆம் திகதி அனுப்பினால் ஒரு மாதப் பணம் போய்விட்டது. அதற்கு முன்னே பார்த்த மாதங்களுக்கு எதுவும் கிடையாது. பக்கவாதம் கடந்த ஆண்டு வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை மாதமும் போய்விட்டன. ஆவணங்கள் எல்லாம் சேரட்டும் என்று இனியும் காத்திருக்காதீர்கள்.

படிவத்தில் அம்மாவே கையெழுத்திட வேண்டும். உங்களோடு அவர்கள் கதைப்பதற்கு அம்மா கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம், அதாவது ஃபோல்மாக்ட், வேண்டும். மகள் என்பதால் மட்டும் ஜேர்மன் சட்டத்தில் உங்களுக்கு அந்த உரிமை வராது. மறதி தொடங்கியிருக்கிறது என்று எழுதியதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வங்கி, வைத்தியம், அலுவலகங்கள் எல்லாவற்றுக்குமான முன்கூட்டிய அதிகாரப் பத்திரத்தை, அம்மா விளங்கிக் கையெழுத்திடக்கூடிய நிலையில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். பிந்தினால் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்கும்வரை ஒவ்வொரு கடிதமும் தேங்கி நிற்கும்.

படிவத்தில் ஒரு கேள்வி வரும்: பணமாக வேண்டுமா, பராமரிப்பு நிறுவனத்தின் சேவையாக வேண்டுமா, இரண்டும் கலந்தா? நீங்களே பார்ப்பதால் பணம், அதாவது ஃப்ளேகெகெல்ட், என்று குறியுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பித்த இரண்டு வாரத்துக்குள் இலவச ஆலோசனைக்கு ஒரு நேரம் தருவது காசெயின் கடமை. பல நகரங்களில் ஃப்ளேகெஷ்டுட்ஸ்புங்க்ட் என்ற பொது ஆலோசனை நிலையங்களும் உள்ளன. அங்கேயும் பணம் கேட்க மாட்டார்கள்.

அடுத்ததாக காசெ, மெடிட்சினிஷர் டீன்ஸ்ட் என்ற மருத்துவச் சேவையிடம் கோப்பை அனுப்பும். தனியார் காப்புறுதி என்றால் மெடிக்புரூஃப். அங்கிருந்து ஒரு தாதியோ வைத்தியரோ வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் அளவில் பார்த்துவிட்டு, 1 முதல் 5 வரையான பராமரிப்புத் தரத்தில் ஒன்றைப் பரிந்துரைப்பார். கடிதங்களில் அது ஃப்ளேகெகிராட் என்று வரும். உங்களுக்குத் தெரிந்த குடும்பத்துக்குக் குறைந்ததும் பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்திருக்கும். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வருபவர் நோயின் பெயருக்குப் புள்ளி போடுவதில்லை. பக்கவாதம், நீரிழிவு, மறதி என்று பட்டியல் நீண்டாலும் அதனால் மட்டும் ஒரு புள்ளியும் வராது. அம்மா எதைத் தானே செய்கிறார், எதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த நிலை குறைந்தது ஆறு மாதம் நீடிக்கும் என்றும் இருக்க வேண்டும். 2017க்கு முன் எத்தனை நிமிடம் பார்க்கிறீர்கள் என்று எண்ணினார்கள். இப்போது நிமிடம் எண்ணுவதில்லை. "காலை ஆறு மணிக்கு எழும்பி இரவு பதினொரு மணிவரை ஓடுகிறேன்" என்று சொல்வது உண்மையாக இருந்தாலும் புள்ளியாக மாறாது. சமையல், துப்புரவு, கடைக்குப் போவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள், தரத்துக்கு எண்ண மாட்டார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் முதலில் சொல்வது சமையலைத்தான். அதற்கே அரை மணி நேரம் போய்விடுகிறது.

எண்ணப்படும் பகுதிகள் ஆறு. உடல் அசைவுக்கு நூற்றில் 10. நினைவும் விளக்கமும் ஒரு பகுதி, நடத்தையும் மனநிலையும் இன்னொரு பகுதி. இவ்விரண்டில் எது கூடுதலோ அது மட்டும் எண்ணப்படும், அதற்கு 15. குளிப்பு, உடுப்பு, சாப்பாடு, கழிப்பறை ஆகிய தற்பராமரிப்புக்கு 40. மருந்து, ஊசி, வைத்தியரிடம் போவது போன்றவற்றுக்கு 20. நாளை ஒழுங்குபடுத்தி, ஆட்களோடு பழகி வாழ்வதற்கு 15. கூட்டுத்தொகை 12.5 அல்லது அதற்கு மேல் வந்தால் தரம் 1, 27க்குத் தரம் 2, 47.5க்குத் தரம் 3, 70க்கு 4, 90க்கு 5.

ஒவ்வொரு பகுதியும் பல சிறு கேள்விகளால் ஆனது. பெரும்பாலானவற்றுக்கு நான்கு படிகள்: தானே செய்கிறார், பெரும்பாலும் தானே, பெரும்பாலும் உதவியோடு, முற்றிலும் உதவியோடு. சிறு புள்ளிகளைக் கூட்டி, அந்தக் கூட்டு எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, பகுதியின் புள்ளியைத் தருவார்கள். தற்பராமரிப்பில் கூட்டு 3 முதல் 7 வரை என்றால் பகுதிப் புள்ளி 10. 8 முதல் 18 வரை என்றால் 20. 19 முதல் 36 வரை 30, அதற்கு மேல் 40. 7க்கும் 8க்கும் நடுவே பத்துப் புள்ளிகள் கிடக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் அம்மாவைப்போன்ற ஒருவருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசைவில் 5, நினைவில் 7.5, மருந்தில் 10, நாளாந்த ஒழுங்கில் 7.5, ஆக 30. தற்பராமரிப்பில் தலைவாரிப் பல்துலக்க 1, அந்தரங்கப் பகுதியைக் கழுவ 1, குளிப்பும் தலைமுழுக்கும் 2, மேலுடுப்பு 1, கீழுடுப்பு 2, சாப்பாட்டை உண்ணத்தக்கதாக ஆக்கிக் கொடுப்பது 1, கழிப்பறை 2. கூட்டு 10. அது 8க்கு மேல், எனவே 20 புள்ளி. மொத்தம் 50, தரம் 3. இப்போது வருபவர் கேட்கிறார்: "கழிப்பறைக்குத் தனியாகப் போவீர்களா?" அம்மா, "ஓம், நானே போவன், நானே கழுவுவன்" என்கிறார். கழிப்பறை 0, அந்தரங்கக் கழுவல் 0. கூட்டு 7க்கு இறங்குகிறது. பகுதிப் புள்ளி 20 அல்ல, 10. மொத்தம் 40, தரம் 2. மாதம் 599 யூரோவுக்குப் பதில் 347. கூச்சத்தில் சொன்ன ஒரேயொரு பதிலுக்கு மாதம் 252 யூரோ, ஆண்டுக்கு 3,024.

இதை ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. அம்மா மானத்தைக் காக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், அதுவும் மகளோ மருமகனோ பேரப்பிள்ளையோ மொழிபெயர்க்க, தன் உள்ளாடையைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்? அதனால் மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை ஒருபோதும் இருத்தாதீர்கள். குடும்பத்துக்கு வெளியே, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த, முடிந்தால் பெண் ஒருவரைக் கூப்பிடுங்கள். பொதுவாக அதைக் குடும்பமே ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். அம்மா தமிழில்தான் கதைப்பார் என்பதை நேரம் குறித்த கடிதம் வந்தவுடனேயே தெரிவித்துவிடுங்கள். ஜேர்மன் மொழி தெரியாமைக்குப் புள்ளி இல்லை. தமிழில் தன் தேவையைச் சொல்லத் தடுமாறுகிறாரா, கேட்ட கேள்வியை மறந்துவிடுகிறாரா என்பதற்குத்தான் புள்ளி. இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பவரும் அறிந்திருக்க வேண்டும். அம்மா பாதியில் விட்ட வசனத்தை அவர் அழகாக முடித்துவைத்தால், மறதி அறிக்கையிலிருந்தே மறைந்துபோகும்.

அம்மாவின் முன்னிலையில் சொல்ல முடியாததைத் தனியே சொல்ல உங்களுக்கு இடமுண்டு. வருபவரிடம், "ஐந்து நிமிடம் சமையலறையில் கதைக்கலாமா?" என்று கேளுங்கள். இதற்கு அவர்கள் பழகியவர்கள். அங்கே இரவில் படுக்கை நனைவதை, தெருவில் வழி தவறியதை, மருந்து வேண்டாம் என்று தட்டிவிடுவதைச் சொல்லுங்கள். அல்லது ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

"உதவி" என்றால் கையால் தூக்குவது மட்டுமல்ல. பக்கத்தில் நின்று, "இப்ப கையை நீட்டுங்கோ, இப்ப சட்டையைக் கீழே இழுங்கோ" என்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டியிருந்தால் அதுவும் உதவி. விழுந்துவிடுவாரோ என்று குளியலறை வாசலில் நிற்பதும் உதவி. சோற்றைக் குழைத்து வைப்பது, மீன் முள் எடுத்துக் கொடுப்பது ஆகியவை சாப்பாட்டை ஆக்கிக் கொடுக்கும் கேள்விக்குள் வரும். அவற்றை நீங்கள் உதவியாகவே நினைத்திருக்க மாட்டீர்கள். ஊட்டிவிடும் நாட்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: சாப்பிடும் கேள்விக்கு மற்றவற்றைவிட மூன்று மடங்கு பாரம், படிகள் 0, 3, 6, 9 என்று ஏறும். குடிப்பதற்கும் கழிப்பறைக்கும் இரண்டு மடங்கு. படி ஏறும் கேள்வி, நீங்கள் கீழ்மாடியில் இருந்தாலும் கேட்கப்படும். "எங்கள் வீட்டில் படி இல்லை" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ஏற முடியுமா, முடியாதா என்பதற்கே புள்ளி.

மருந்துப் பகுதியில் எண்ணிக்கைதான் எல்லாம். குளுசை எடுத்துக் கொடுப்பது, சீனி பார்ப்பது, ஊசி போடுவது, இறுக்கக் காலுறை போட்டுக் கழற்றுவது எல்லாவற்றையும் கூட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று பார்ப்பார்கள். ஒன்று முதல் மூன்று தடவை என்றால் 1, மூன்றுக்கு மேல் எட்டு வரை 2, எட்டுக்கு மேல் 3. இன்னொருவர் செய்துவிடுவது மட்டும்தான் எண்ணப்படும். அம்மா தானே ஊசி போட்டுக்கொண்டால் அது சேராது. காலை, மதியம், இரவு என்று குளுசை மூன்று, சீனி மூன்று, ஊசி மூன்று, எல்லாம் உங்கள் கையால் என்றால் ஒன்பது. "மருந்து கொடுக்கிறேன்" என்று ஒரு வசனத்தில் சொல்லி முடித்தால் அது ஒன்றாகத்தான் பதியப்படும்.

இதற்கெல்லாம் வழி ஒரு கொப்பி. நாள் குறித்த கடிதம் வந்ததிலிருந்து இரண்டு வாரம் எழுதுங்கள். நேரம், என்ன செய்தது, அம்மா எதுவரை தானே செய்தார், எங்கே உங்கள் கை தேவைப்பட்டது. இரவையும் எழுதுங்கள். நல்ல நாளும் கெட்ட நாளும் இரண்டும் இருக்கட்டும். கெட்ட நாளை மட்டும் எழுதிய கொப்பியை அனுபவமுள்ளவர் உடனே அடையாளம் கண்டுவிடுவார், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

அன்றைக்கு மேசையில் இருக்க வேண்டியவை: வைத்தியசாலை விடுவிப்புக் கடிதங்கள், குடும்ப வைத்தியர் அச்சிட்டுத் தந்த மருந்துத் திட்டம், நரம்பியல் வைத்தியரின் அறிக்கை, மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அது, பிசியோதெரபிச் சீட்டுகள். மறதிக்கு இன்னும் ஒரு வைத்தியரும் பரிசோதனை செய்து எழுதவில்லை என்றால் அதற்கு இப்போதே நேரம் எடுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாத மறதியை ஒரு மணி நேரத்தில் நிரூபிப்பது கடினம்.

வீட்டைப் பளிச்சென்று ஆக்காதீர்கள். கட்டிலருகே வாளி இருந்தால் அங்கேயே இருக்கட்டும். விரிப்புக்குக் கீழே போடும் நனையாத துணி, குளியல் கதிரை, கைத்தடி எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். அம்மாவுக்குப் புதுச் சேலை உடுத்தித் தலைவாரி இருத்தினால், அந்த வேலைக்கு நீங்கள் செலவழித்த முக்கால் மணி நேரத்தை வந்தவர் காண மாட்டார், முடிவை மட்டும் காண்பார். வடை பொரித்துத் தேநீர் கொடுத்து உபசரிக்க அம்மா எழும்பி ஓடுவதையும் தடுத்துவிடுங்கள். கைகளைக் கழுத்துக்குப் பின்னாலும் இடுப்புக்குப் பின்னாலும் கொண்டுபோகச் சொல்வார்கள், கதிரையிலிருந்து எழும்பச் சொல்வார்கள். அப்போது நீங்கள் முந்திக்கொண்டு கைகொடுக்கவும் வேண்டாம், "முயற்சி பண்ணுங்கோ" என்று உற்சாகப்படுத்தவும் வேண்டாம்.

முடிவு, விண்ணப்பம் சேர்ந்து 25 வேலைநாட்களுக்குள் வர வேண்டும். தாமதம் காசெயின் பக்கம் என்றால், தொடங்கிய ஒவ்வொரு வாரத்துக்கும் 70 யூரோ தர வேண்டும். நீங்கள் வருகை நாளைத் தள்ளிப்போட்டால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. அம்மா மீண்டும் வைத்தியசாலையில் சேர நேர்ந்தால், அங்குள்ள சமூக சேவைப் பிரிவிடம் கேளுங்கள். வீட்டுக்கு விடுவதற்கு முன் பராமரிப்பை உறுதிப்படுத்த வேண்டியிருந்தால், ஐந்து வேலைநாட்களுக்குள் அவசர மதிப்பீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கடிதம் வந்ததும் தரத்தை மட்டும் பார்த்து மகிழவோ மனமுடையவோ வேண்டாம். கூடவே மதிப்பீட்டு அறிக்கை, அதாவது குட்டாக்டன், வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் படி போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். உங்கள் கொப்பியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். அடுத்த தரத்துக்கு எத்தனை புள்ளி குறைகிறது என்று பாருங்கள். மேலே காட்டியதுபோல் ஒரு சிறு புள்ளி எல்லையைத் தாண்ட வைக்கலாம்.

தவறு இருந்தால் மறுப்புக் கடிதம், வீடர்ஷ்புருக், எழுதலாம். கடிதம் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் அது காசெயைச் சேர வேண்டும். காரணங்களை எழுத நேரம் தேவை என்றால், "இந்த முடிவை மறுக்கிறேன், காரணம் பின்னர் தருவேன்" என்று முதலில் ஒரு கடிதம் அனுப்பித் தவணையைக் காப்பாற்றுங்கள். அதில் அம்மாவின் கையெழுத்தோ, உங்கள் அதிகாரப் பத்திரத்தின் பிரதியோ இருக்க வேண்டும். கையெழுத்துள்ள கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சாதாரண மின்னஞ்சல் போதாது. காரணம் எழுதும்போது "அம்மா மிகவும் கஷ்டப்படுகிறார்" என்பது பயன்தராது. "கேள்வி 4.10இல் தானே செய்கிறார் என்று இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு தடவையும் உடுப்பைச் சரிசெய்வதும் துடைப்பதும் நான்தான், கொப்பியின் இன்ன நாள்களைப் பார்க்கவும்" என்பது பயன்தரும். விடிகே, சோஃபிடே போன்ற சமூகச் சங்கங்களில் உறுப்பினரானால் அவர்களது சட்டப் பிரிவு உதவும். மறுப்பும் நிராகரிக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் சமூக நீதிமன்றம் போகலாம், காப்புறுதிதாரரிடம் அங்கே நீதிமன்றக் கட்டணம் கேட்பதில்லை.

இனிப் பணம். 2025 ஜனவரி முதலான தொகைகள் இவை. வீட்டில் குடும்பமே பார்த்தால் மாதம் தரம் 2க்கு 347 யூரோ, 3க்கு 599, 4க்கு 800, 5க்கு 990. பராமரிப்பு நிறுவனம் வந்து பார்த்தால் 796, 1,497, 1,859, 2,299 வரை நிறுவனத்துக்கு நேரடியாகப் போகும். இரண்டையும் கலக்கலாம், கணக்கு வீதத்தில் நடக்கும். தரம் 3இல், வாரத்துக்குச் சில தடவை குளிப்பாட்ட நிறுவனம் வந்து 1,497இல் நூற்றுக்கு 40ஐச் செலவழித்தால், 599இல் நூற்றுக்கு 60, அதாவது 359.40 யூரோ, அம்மாவின் கணக்குக்கு வரும். நிறுவனம் மாத முடிவில் நீட்டும் சேவைத் தாளை அம்மா வாசித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். வராத நாளுக்குக் கையெழுத்துப் போட்டால் உங்கள் பணம்தான் குறையும், சட்டச் சிக்கலும் வரும். வருபவர் தமிழர், தெரிந்தவர் என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரம் 1க்கு மாதப் பணம் இல்லை. ஆனால் எல்லாத் தரத்துக்கும் மாதம் 131 யூரோ சுமைக்குறைப்புத் தொகை உண்டு. அது கையில் வராது, அங்கீகரிக்கப்பட்ட வீட்டு உதவிக்கோ துணைக்கு இருப்பவருக்கோ கொடுத்த பற்றுச்சீட்டைக் காட்டி எடுக்க வேண்டும். எடுக்காத மீதி அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை உயிரோடு இருக்கும், பிறகு போய்விடும். கையுறை, படுக்கை விரிப்பு, கிருமிநாசினி போன்றவற்றுக்கு மாதம் 42 யூரோ வரை உண்டு. குளியல் தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்டக் குளியலிடம் போடுவது போன்ற மாற்றத்துக்கு 4,180 யூரோ வரை கிடைக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டு, அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு தொடங்குங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

உங்களுக்கு ஓய்வு தேவை, அதற்கும் பணம் இருக்கிறது. 2025 ஜூலை முதல், தரம் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 3,539 யூரோ ஒரே தொகையாக உண்டு. நீங்கள் இல்லாத நாட்களில் மாற்று ஆள் வைக்கலாம், அல்லது அம்மாவைக் குறுகிய காலத்துக்கு ஒரு இல்லத்தில் விடலாம். நெருங்கிய உறவினர் மாற்றாக வந்தால் ஃப்ளேகெகெல்டின் இரண்டு மடங்கு வரைதான், அதற்கு மேல் பயணச் செலவு, சம்பள இழப்பு போன்றவற்றை நிரூபித்தால் எடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் கைவிடப்படுவது உங்கள் ஓய்வூதியம். தரம் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவரை வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், இரண்டு நாட்களுக்காவது பரப்பிப் பார்த்து, வெளிவேலை வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மிகாமல் இருந்தால், ஃப்ளேகெகாசெ உங்கள் பெயரில் ஓய்வூதியக் காப்புறுதிக்குப் பணம் கட்டும். விபத்துக் காப்புறுதியும் சேரும். நீங்கள் அரைநாள் வேலை செய்வதால் இதற்குத் தகுதியானவர். அதற்கென ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது, வராவிட்டால் கேட்டு வாங்கி உடனே நிரப்புங்கள். இரண்டு சகோதரிகள் பங்கிட்டுப் பார்த்தால் இருவரும் தனித்தனியே நிரப்ப வேண்டும், ஒருவரும் 10 மணிக்குக் கீழே விழாதபடி பாருங்கள். வேலையைக் குறைத்த பெண்கள் முதுமையில் வறுமைக்குப் போவது இந்த ஒரு படிவம் அலமாரியில் கிடந்ததாலும் நடக்கிறது.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஒரு கடமை இருக்கிறது. பணம் மட்டும் பெறும் தரம் 2, 3 குடும்பங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பராமரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு ஆலோசனை வருகையைச் செய்ய வேண்டும். கட்டணத்தைக் காசெ கொடுக்கும். தரம் 4, 5க்கு எத்தனை தடவை என்பதை முடிவுக் கடிதத்தில் பாருங்கள். தவறவிட்டால் முதலில் பணத்தைக் குறைப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள். இரண்டு திகதிகளையும் வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

அம்மா யாழ்ப்பாணம் போய்வர ஆசைப்பட்டால், பயணச்சீட்டு எடுக்க முன் காசெயிடம் கேளுங்கள். பிரான்சிலோ சுவிஸிலோ தங்கினால் ஃப்ளேகெகெல்ட் தொடரும். இலங்கைக்கு என்றால் ஒரு நாட்காட்டி ஆண்டில் குறிப்பிட்ட வாரங்கள் வரைதான், அதைக் கடந்ததும் நிற்கும். எத்தனை வாரம் என்பதை அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள், போகும் நாளையும் திரும்பும் நாளையும் அறிவியுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால், மேலதிகமாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

நிலை மோசமானால் தரத்தை உயர்த்தக் கேட்க எந்தக் காத்திருப்புக் காலமும் இல்லை. முதல் விண்ணப்பம்போலவே இரண்டு வரி, அதே மாதத்துக்குள். ஆனால் கேட்பதற்கு முன் பழைய அறிக்கையை எடுத்து, எந்தக் கேள்வியில் நிலை மாறியிருக்கிறது என்று நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மறு மதிப்பீட்டில் எல்லாக் கேள்விகளும் புதிதாகக் கேட்கப்படும். அம்மா ஒன்றில் தேறியிருந்தால் அதுவும் பதிவாகும்.